வேர் வாசம் இல்லாத கடிதம்

மூலக்குளம்
8-9-2002

சந்திரகலாவுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு இன்றைக்குக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

நீதான் கேட்டாய். உன் அக்கா மகள் மஞ்சள் நீராட்டுக்கு நீ கட்டிக்கொள்ள முகூர்த்தப் புடவை வேண்டும் என்று கடை போனில் சொன்னாய். பதினான்கு வருடமாகப் பெட்டியில் இருக்கிற அரக்குப் புடவையை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி, பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புக்கு மடிப்பு வெட்டிவேர் வைத்து, பிரவுன் தாளில் சுற்றி, பக்கத்து வீட்டு சின்னப்பாப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். அன்றைக்குச் சாயங்காலமே அதே பொட்டலம் திரும்பி வந்துவிட்டது.

"அண்ணே, பிரிச்சாங்க. மூக்கப் பொத்துனாங்க. புடவயத் தூக்கிப் போட்டுட்டு கொல்லப் பக்கம் ஓடிட்டாங்க. அவங்க அக்காதான் கட்டிக் குடுத்து அனுப்புனாங்க." சின்னப்பாப்பா இதைச் சொன்னபோது தெருவே கேட்டது. அவர் மெதுவாகப் பேசி நீ எப்போது பார்த்திருக்கிறாய்?

போன மாதம் நானே வந்தேன். வாசலில் டி.வி.எஸ்-ஐ நிறுத்தியதும் என்னைப் பார்த்தாய். பார்த்ததும் ஓடினாய். உடம்பு தேறப் பத்து நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் நீ. இரண்டு மாதம் தாண்டிவிட்டது. போவதற்கு முதல் நாள், கடற்கரைப் பக்கத்து ஓட்டல்காரருக்கு ஜன்னலில் மாட்டக் கட்டி வைத்திருந்த வேர்த்தட்டி இரண்டைத் தெருவில் வீசி, "இதெல்லாம் ஒரு பொழப்பா"ன்னு கேட்டாய். அதையும் தெருவே கேட்டது.

எனக்குப் புரியாமல் இல்லை. மில்காரன் பெண்டாட்டியாக இருந்தபோது இருந்த மதிப்பு, வேர்க்காரன் பெண்டாட்டியாக இருப்பதில் இல்லை. மில்லில் ஆளைக் குறைத்தது என் குற்றமா? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. முகூர்த்தப் புடவையைத் தூக்கிப் போட்டு அதைச் சொல்ல வேண்டாம்.

கோவிந்தராசு


கனகசெட்டிக்குளம்
14-9-2002

உங்களுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதைக் கிழிப்பதற்கு முன்னால் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று அக்காவே பக்கத்தில் நிற்கிறாள்.

எனக்கு வெட்டிவேர் வாசனை குமட்டுகிறது. இதுதான் விஷயம். சிரிப்பீர்கள். ஊரில் ஒருத்திக்காவது வெட்டிவேர் குமட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் இல்லை.

மே மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நீங்கள் இந்த வியாபாரத்தைத் தொடங்கியிருந்தீர்கள். வீட்டில் அதுவரை வேர் வந்ததே கிடையாது. இருபத்திரண்டு நாள் எனக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பானையில் வேர் போட்டீர்கள். ஜன்னலில் தட்டி கட்டி மணிக்கொரு தரம் நனைத்தீர்கள். வேர் விசிறியால் விசிறிக்கொண்டே மடக்கு மடக்காகக் கொடுத்தீர்கள். ஒவ்வொரு மடக்கும் வெளியே வந்தது. நீங்கள் அலுக்காமல் மறுபடி கொடுத்தீர்கள். அப்படி ஒரு புருஷன் யாருக்கும் வாய்க்க மாட்டான். ஆனால் என் வயிறு அதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை. அது வேரை மட்டும் பிடித்துக்கொண்டது.

கண் வெளுத்து, டாக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு ஒரு நாள் பானையில் மொண்டு குடித்தேன். குடித்த வேகத்தில் வாசலில் வந்து வாந்தி எடுத்தேன். அந்த நாள் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். சின்னப்பாப்பா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாக்கா, விசேஷமா?"ன்னு கேட்டது. நீங்கள் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தீர்கள்.

நான் வேண்டாம், இருங்கள் என்று சொல்வதற்குள் போய் ஜாங்கிரி வாங்கி வந்துவிட்டீர்கள். பதினான்கு வருடம் கழித்து. மறுநாள் ஆஸ்பத்திரியில் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாங்கிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள், வெறுங்கையோடு வந்தீர்கள்.

அதற்கு அப்புறம் உங்கள் எதிரில் நான் எப்படி வாந்தி எடுப்பேன்? நீங்களே சொல்லுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் கொல்லையில் எடுத்தேன். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். அன்றைக்கு அடுப்பு ஓரமாகவே தட்டியைச் சாய்த்து வைத்துவிட்டீர்கள். சோறு வடிக்க முடியவில்லை. தூக்கி வீசிவிட்டேன். வாயில் என்ன வந்ததோ அதையும் சொல்லிவிட்டேன். பொழப்பைப் பற்றிச் சொன்னது தப்பு. அதற்கு நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

உங்களைப் பார்த்து நான் ஓடவில்லை. உங்கள் சட்டையைப் பார்த்து ஓடினேன்.

சந்திரகலா


மூலக்குளம்
19-9-2002

சந்திரகலாவுக்கு,

கடிதம் படித்தேன். நம்பவில்லை. மறுபடி படித்தேன், கோபம் வந்தது. கனகசெட்டிக்குளத்தில் உன் அக்கா வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் கருவாடு காய்கிறது. உன் மாமா ராஜாங்கம் ஐஸ் கம்பெனியிலிருந்து மீன் வாடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அங்கே உனக்குச் சோறு இறங்குகிறது. சாமிக்குப் போடுகிற வெட்டிவேர் மட்டும் குமட்டுகிறது! ஆக, கருவாட்டுக்கும் கீழே போய்விட்டேன் நான். இப்படித்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது தெருவில் ரொட்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். நான் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் முனை திரும்பும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் என் மண்டையில் உறைத்தது.

எனக்கு இருபது வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்ததும் அம்மா பாலில் ரொட்டி நனைத்து ஊட்டினார்கள். தையல் பிரிந்துவிடும் போல வாந்தி. அன்றைக்கு விட்டவன்தான். புதுச்சேரியில் பிறந்து ரொட்டி தின்னாதவன் என்று மில்லில் என்னைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. ரொட்டி மேல் எனக்கு என்ன பகை? ஒரு பகையும் இல்லை. தப்பு மயக்க மருந்துடையது என்று டாக்டர் அப்போதே சொன்னார். எனக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. நீ உங்கள் அம்மா வீட்டில் காலையில் ரொட்டியும் காபியும் சாப்பிட்டு வளர்ந்தவள். நம் வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூட ரொட்டி வாங்கவில்லை. பதினான்கு வருடம். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

ஜாங்கிரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்னப்பாப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். கொடுக்கவில்லை. ஊசுட்டேரிக் கரையில் போய் உட்கார்ந்து, பாதியை நானே தின்றேன், மீதியை மீனுக்குப் போட்டேன். உன்னிடம் பேசாமல் வந்தது உன் மேல் கோபத்தால் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் வந்தேன்.

எல்லாம் சரி. இப்போது என்ன செய்வது? வீடு முழுக்க வேர்க்கட்டு. என் தோலிலேயே ஏறிவிட்டது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

கோவிந்தராசு


கனகசெட்டிக்குளம்
26-9-2002

உங்களுக்கு,

ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் கடித உறையைப் பிரித்ததுமே குமட்டியது. தாளிலும் அந்த வாசனை. நீங்கள் வேர்க்கட்டு மேலேயே வைத்து எழுதியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். படிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போய், காற்று என் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி உட்கார்ந்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். கருவாட்டுக்குக் கீழே போய்விட்டேன் என்கிற இடத்தில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊசுட்டேரி இடத்தில் அழுதேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

மூன்றாவது தரம் படிக்கும்போது பார்க்கிறேன், தாள் என் மடியில் இருக்கிறது. காற்றும் திரும்பிவிட்டது. வாசனை நேராக முகத்தில் அடிக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை! கடிதம் முடிந்து, படிக்க எதுவும் இல்லாமல் சும்மா இருந்தபோதுதான் வயிறு மறுபடி புரட்டியது.

அக்கா சொல்கிறாள், "ஒனக்கு வியாதியும் அவரு, வைத்தியமும் அவருதான்டி." அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்குத் தோன்றுவது இதுதான். உங்கள் கடிதம் நீளமாக இருந்தால் அவ்வளவு நேரம் அந்த வாசனையோடு என்னால் இருக்க முடியும். அதனால் நீளமாக எழுதுங்கள். காமாலைக்கு முந்தின கதைகளை எழுதுங்கள். வேர்க்கட்டு மேலேயே வைத்து எழுதுங்கள். போனில் பேசலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், தவிர போனில் வாசனை வராது.

எப்படியாவது வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

சந்திரகலா


மூலக்குளம்
4-10-2002

சந்திரகலாவுக்கு,

நீளமாக எழுது என்று சொல்லிவிட்டாய். மில் சங்கத்துக்காக மனு எழுதிப் பழகியவன் நான். மேற்படி, கீழ்க்கண்ட என்று வந்தால் பொறுத்துக்கொள்.

எதை எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் பஞ்சைப் பற்றித்தான் தோன்றியது. கல்யாணமான புதிதில் நான் ஷிப்டு முடிந்து வருவேன். சங்கு ஊதி அரை மணியில் வாசலில் இருப்பேன். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. முதல் நாள் நீ பார்த்துவிட்டு, "இன்னா, கெழவனாட்டம் வந்து நிக்கிறீங்க"ன்னு சிரித்தாய். அப்புறம் தினமும் என்னை வாசற்படியில் உட்கார வைத்து, கையை ஈரம் பண்ணிக்கொண்டு, ஒவ்வொரு இழையாக எடுப்பாய். எடுத்ததைத் தூக்கிப் போடமாட்டாய். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமை அதைத் தொடையில் உருட்டித் திரி பண்ணி விளக்கேற்றுவாய். "காசு குடுத்து வாங்குன பஞ்சுல ஏத்துனா சாமி வரும். இதுல ஏத்துனா நீங்க வருவீங்க"ன்னு சொன்னாய். அதை நான் மில்லில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சும்மா விடுவார்களா?

அந்த வருடம் ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். நீ பச்சைப் புடவை. கூட்டத்தில் உன் செருப்பு ஒன்று அறுந்துபோனது. மணல் கொதிக்கிறது. என் செருப்பைக் கழற்றி உன்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். என் பத்தாம் நம்பர் செருப்பில் நீ படகில் நடக்கிற மாதிரி நடந்தாய். நான் வெறுங்காலோடு தத்தித் தத்தி வந்தேன். கவர்னர் வடம் பிடிக்கிறதை எல்லோரும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், நீ என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாய். திரும்பும்போது தர்பூசணி வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு மீதித் தோலை என் உள்ளங்காலில் வைத்துத் தேய்த்தாய்.

நான்கு பக்கம் ஆகிவிட்டது. மனுவில்கூட இவ்வளவு எழுதியதில்லை. குமட்டியதா?

கோவிந்தராசு


கனகசெட்டிக்குளம்
11-10-2002

உங்களுக்கு,

குமட்டவில்லை. இரண்டாம் பக்கத்தில் லேசாக வந்தது, எச்சிலை விழுங்கினேன், போய்விட்டது. வந்த நாளிலிருந்து தினமும் படித்தேன். நேற்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே வைத்துப் படிக்கிறேன்.

ஆனால் ஒன்று. செருப்பு அறுந்தது எனக்கு இல்லை, உங்களுக்கு! கல்யாணத்துக்கு வாங்கின செருப்பு, ஒரு மாதத்தில் வாரு போய்விட்டது. நீங்கள் வெறுங்காலோடு நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நானும் என் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் காலைப் பார்த்துக்கொண்டு வந்தது அதனால்தான். புடவையும் பச்சை இல்லை, ஊதா. தர்பூசணி மட்டும் சரி. பதினான்கு வருடமாக எனக்குச் செருப்பு கொடுத்த பெருமையோடு இருந்திருக்கிறீர்கள். இருங்கள், பரவாயில்லை.

டப்பா இன்னும் சமையல்கட்டுப் பரணில் இருக்கிறது. மில்லை விட்டு வந்த அன்றைக்கு உங்கள் தலையில் எடுத்த பஞ்சு அதில் அப்படியே இருக்கிறது. திரி பண்ண மனம் வரவில்லை.

அடுத்த கடிதத்துக்குத் தாளை ஒரு ராத்திரி முழுக்க வேர்க்கட்டுக்குள்ளே செருகி வையுங்கள். கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். இப்படியே போனால் தீபாவளிக்கு நான் வீட்டில் இருப்பேன் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். உடனே ஜாங்கிரி வாங்கிவிடாதீர்கள்.

சந்திரகலா


மூலக்குளம்
19-10-2002

சந்திரகலாவுக்கு,

தீபாவளிக்கு என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வெட்டி எடுத்து முருகர் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டேன். அடுப்பு மேடைக்கு மட்டும் நீலம், உனக்குப் பிடிக்குமே.

தாளை ஒரு ராத்திரிக்கு மூன்று ராத்திரி செருகி வைத்தேன். அதோடு, வந்த கட்டிலேயே நல்ல வாசமான வேராக ஒரு பிடி எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். அதான் உறை இப்படிப் பருத்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி ஒரே தாவாகத் தாவிவிட வேண்டியதுதானே?

புடவை என்ன கலரில் வேண்டும், எழுது.

கோவிந்தராசு


கனகசெட்டிக்குளம்
23-10-2002

உங்களுக்கு,

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கடிதம் என்று அக்கா மகள் கையில் கொடுத்தாள். ஆசையாகப் பிரித்தேன். வேர் சோற்றுத் தட்டில் கொட்டியது. மாமா எதிரில், அவர் தட்டுப் பக்கத்தில், வாந்தி எடுத்தேன். என் மானம் போயிற்று. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினார்.

இப்போது பழைய கடிதங்களைத் தொட்டாலும் குமட்டுகிறது. வீராம்பட்டினம் கடிதம்கூட. ஒரு மாதமாக நான் ஏறி வந்ததை ஒரு பிடி வேரில் தள்ளிவிட்டீர்கள். யார் உங்களைத் தாவச் சொன்னது? வயிறு என்னுடையதா, உங்களுடையதா?

தீபாவளிக்கு வரமாட்டேன். புடவை வேண்டாம்.

சந்திரகலா


புதுச்சேரி, கடற்கரை
5-11-2002

சந்திரகலாவுக்கு,

நேற்று தீபாவளி. சின்னப்பாப்பா வடையும் அதிரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் மூஞ்சியைப் பார்த்து, முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

இந்தக் கடிதத்தைப் பயப்படாமல் பிரிக்கலாம். காலையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தேன். கடையில் புதுச் சட்டை வாங்கி அங்கேயே மாற்றிக்கொண்டேன். தாள், உறை, பேனா எல்லாம் புதிது. வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். துளி வாசனை இருக்காது.

மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவசரப்பட்டுவிட்டேன். பானைத் தண்ணீர் கொடுத்தபோதும் இதைத்தான் செய்திருக்கிறேன். உனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை, கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தட்டி வாங்குகிற ஓட்டலிலேயே வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். இருக்கிற வேரை மொத்தமாக யாருக்காவது தள்ளிவிட்டு, வீட்டை இன்னொரு முறை வெள்ளை அடித்துக் கழுவிவிடுகிறேன். நீ வந்துவிடு. நீ இல்லாத வீட்டில் எவ்வளவு வாசனை இருந்து எனக்கு என்ன?

கோவிந்தராசு


கனகசெட்டிக்குளம்
10-11-2002

உங்களுக்கு,

கடிதம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். ஒன்றும் இல்லை. முகர்ந்து பார்த்தேன். வெறும் தாள். எழுத்து உங்களுடையதுதான், ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததை நீங்கள் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. இரண்டாம் தரம் படிக்கத் தோன்றவில்லை. எனக்கே பயமாகப் போய்விட்டது, இவர் மேல் இருந்த பாசம் போய்விட்டதா என்று.

அப்புறம் பெட்டியைத் திறந்து வீராம்பட்டினம் கடிதத்தை எடுத்தேன். குமட்டியது. குமட்டினாலும் விடாமல் பிடித்துக்கொண்டு, உங்கள் காலில் தர்பூசணித் தோல் தேய்த்தது வரை படித்தேன். அதில் நீங்கள் இருந்தீர்கள். வாசனையோடு இருந்தீர்கள்.

எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசனையோடு நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அந்த ஆளை மில் வெளியே அனுப்பிவிட்டது. வேர் வாசனையோடு ஒரு புது ஆள் வீட்டுக்கு வந்தார். அவரோடு பழகுவதற்குள் எனக்குக் காமாலை வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. இப்போது வாசனையே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டாம். முதலிலிருந்து பழக எனக்குத் தெம்பு இல்லை.

வாட்ச்மேன் வேலைக்குப் போகாதீர்கள். போனால் என்றைக்காவது ஒரு சண்டையில், "ஒனக்காகத்தான் விட்டேன்"னு சொல்வீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் என் காதில் அது கேட்டுக்கொண்டே இருக்கும். நான் தெருவில் வீசின தட்டியை நானே கழுவிக் கொடுக்கவில்லை என்கிற குறை வேறு எனக்கு இருக்கிறது.

மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனால் அளவு நான் சொல்வேன். அடுத்த உறையில் நகத்தளவு வேர், ஒன்றே ஒன்று. பழைய துணியில் முடிந்து வையுங்கள். எப்போது கூட்டுவது என்று நான் எழுதும்வரை கை நீளக் கூடாது.

சந்திரகலா


மூலக்குளம்
15-11-2002

சந்திரகலாவுக்கு,

நகத்தளவு. என் நகம் இல்லை, உன் சுண்டுவிரல் நகம் ஞாபகத்தில் இருக்கிற அளவு. என் பழைய மில் சட்டையில் ஒரு துண்டு கிழித்து முடிந்திருக்கிறேன். அந்தத் துணியில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

வாட்ச்மேன் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னது நியாயம். சொல்லித்தான் காட்டியிருப்பேன்.

கோவிந்தராசு


கனகசெட்டிக்குளம்
1-12-2002

உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய முதல் முடிச்சும், அப்புறம் நான் கார்டு போட்டுக் கேட்ட இரண்டும் என் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. முதல் நாலு நாள் திண்டாட்டம். இப்போது தூங்குகிறேன். முந்தாநாள் விழித்தபோது ஒரு முடிச்சு என் கைக்குள் இருந்தது.

வாசனைக்குப் பழகிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் பாக்கி. ஒரு வேரை டம்ளரில் போட்டு வைத்துப் பார்க்கிறேன். வாய் வரை கொண்டுபோகிறேன், கை நின்றுவிடுகிறது. இந்த டம்ளரை அக்கா வீட்டில் குடிக்க முடியாது என்று தோன்றுகிறது. எங்கே கெட்டதோ அங்கேதான் சரியாக வேண்டும்.

நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, குடி குடி என்று முகத்தைப் பார்த்தாலும் முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சந்திரகலா


மூலக்குளம்
7-12-2002

சந்திரகலாவுக்கு,

புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதினைந்தாம் தேதி, வேர் எடுக்கக் கடலூர் பக்கம் போகிறேன். காலையில் போனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவேன். சாவி சின்னப்பாப்பாவிடம் இருக்கும். "யாரு வந்தாலும் எதுவும் கேக்காத, எதுவும் சொல்லாத"ன்னு சொல்லி வைத்திருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை, முயற்சி பண்ணுவதாகச் சொன்னார்.

பானையில் தண்ணீர் இருக்கும். வேர் போடமாட்டேன். வேர் பக்கத்தில் இருக்கும்.

கோவிந்தராசு


வீடு
15-12-2002, மத்தியானம்

உங்களுக்கு,

இதை டம்ளருக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். வந்ததும் பார்ப்பீர்கள்.

பத்து மணிக்கே வந்துவிட்டேன். கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. சின்னப்பாப்பா வேலி ஓரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றது. சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு உள்ளே வந்துவிட்டேன்.

அடுப்பு மேடை நீலம் நன்றாக இருக்கிறது. பெட்டியைத் திறந்து அரக்குப் புடவையைப் பார்த்தேன். எல்லா மடிப்பிலிருந்தும் வேரை எடுத்திருக்கிறீர்கள். பூச்சி அரித்துவிட்டால் யார் பதில் சொல்வது? நானே கட்டிலிருந்து நல்ல வேராக எடுத்து, மடிப்புக்கு மடிப்பு வைத்திருக்கிறேன்.

பானையில் நானே வேர் போட்டேன். ஒரு மணி நேரம் ஊறட்டும் என்று அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து உங்கள் பஞ்சு டப்பாவைத் திறந்து திரி உருட்டினேன். அப்புறம் ஒரு டம்ளர் மொண்டேன். முதல் மடக்கு தொண்டையில் நின்றது. இறங்கிவிட்டது. இரண்டாவது மடக்கில் காமாலை எல்லாம் ஞாபகம் வந்தது, நீங்கள் விசிறினது, பாத்திரம் ஏந்தினது, எல்லாம். அழுதுகொண்டே குடித்தேன். பாதி டம்ளர். வயிற்றில் தங்கியிருக்கிறது. மீதிப் பாதி இருக்கிறது, நீங்கள் கொட்டிவிடாதீர்கள். அது நாளைக்கு.

விளக்கில் திரி போட்டு வைத்திருக்கிறேன். வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

நான் டவுனில் ரொட்டிக் கடைக்குப் போகிறேன், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். எனக்கு ஒன்று முழுசாக. உங்களுக்கு நகத்தளவு. பயப்படாதீர்கள், இன்றைக்கு வாசனை மட்டும் போதும். நான் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்கமாட்டேன்.

சந்திரகலா